வால்பாறையில் இரண்டு கேமராக்களோடு நான்கு நாள்

முதல் நாள்: ஒன்பதாவது வளைவு

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் இந்தக் கேமரா எனக்குக் கிடைத்தது. பொள்ளாச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், வருடம் முழுக்க மண்டபம் மண்டபமாகச் சுற்றும் தன் ஃபுல் ஃப்ரேம் கேமராவை நான்கு நாளுக்கு என்னிடம் கொடுத்தார். கூடவே 24-120 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்று; இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும். நான் கேட்காமலே ட்ரைபாடையும் எடுத்துக் கையில் திணித்தார். "இது இல்லாம அத மலைக்குக் கொண்டு போயி பிரயோசனமில்லீங் தம்பி" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் கேமரா சட்டைப்பையில் அடங்குவது. ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு), 24இல் தொடங்கி 360 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம். ஆறு வருடமாக எனக்கு அது போதுமானதாக இருந்தது. கொஞ்ச நாளாக மலைப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. நிழலில் நிற்கும் மரங்கள் மரங்களாகத் தெரியவில்லை, பச்சைக் களிம்பை இழுத்துவிட்டதுபோல் இருக்கின்றன. பெரிய சென்சாருக்கு மாறலாம் என்றால் என் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். அதற்கு முன் இரண்டு கேமராவையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம். மனைவியும் வந்திருக்கிறார்.

"ஒரு அங்குல சென்சார்" என்ற பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பழைய டிவி கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பெயர். நிஜத்தில் அந்தச் சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட கட்டைவிரல் நகம். ஃபுல் ஃப்ரேம் என்பது 36க்கு 24, அந்தக் காலத்து ஃபிலிம் சுருளில் ஒரு கட்டம். பரப்பில் ஏழு மடங்குக்கும் மேல். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது இந்த ஒரு அங்குலச் சென்சாரே பெரிய சமாசாரம். ஏனென்றால் அதுவரை சட்டைப்பைக் கேமராக்களில் பெரும்பாலும் இருந்தது அதில் கால் பங்கு அளவுச் சென்சார்தான். அறுபது மடங்கு, நூறு மடங்கு ஜூம் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற கேமராக்களுக்குள் இன்றும் இருப்பது அதேதான். நிலக்காட்சி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில்தான் எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணையின் தண்ணீர், அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியின் தென்னந்தோப்புகள். நாங்கள் போனபோது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டதால் கீழே எல்லாம் வெளிறிய நீலமாக மூடாப்புப் போட்டுக்கிடந்தது.

பெரிய கேமராவில் 120 வரைதான் போக முடிந்தது. சின்னதில் 360 வரை இழுத்து, அணைக்கரையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். இரவு அறையில் பெரிய கேமராவின் படத்தில் அதே பகுதியை வெட்டிப் பார்த்தேன். மூன்று மடங்கு நெருங்க வேண்டுமென்றால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். 24 மெகாபிக்சல் மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. சின்னதில் முழு 20 மெகாபிக்சலும் அணைக்கரைக்கே கிடைத்திருந்தது. கரையின் கல் வரிசை தெரிகிறது. பெரியதில் அது ஒரு சாம்பல் பட்டை.

ஆனால் மூடாப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான். சென்சார் எத்தனை பெரிதானாலும் பதினொரு மணி வெயிலைக் கழுவித் தராது.

இரண்டாம் நாள்: மாடியில் விடியல், தோட்டத்தில் மதியம்

வால்பாறையில் விடியலுக்கு முன்னால் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் இறங்க முடியாது. சிறுத்தையும் யானையும் நடமாடும் ஊர். யானைகள் பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க ஆங்காங்கே சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. விடுதிக்காரர் நேற்று இரவே சொல்லிவிட்டார்: "வெளிச்சம் வர்ற வரைக்கும் கேட்டைத் தாண்டாதீங்க சார். படம்தானே, மொட்டைமாடியிலேயே எல்லாம் தெரியும்."

தெரிந்தது. ஐந்தே முக்காலுக்கு ஏறிப்போய் ட்ரைபாடை விரித்தேன். முதலில் வெறும் கறுப்பு. ஆறேகால் வாக்கில் பள்ளத்தில் பால் ஊற்றியதுபோல் மூட்டம் தெரிந்தது. அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்களின் தலைகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு சேவல்.

பெரிய கேமராவை எஃப்/5.6, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து எடுத்தேன். எஃப் எண் கூடினால் லென்ஸின் துளை சிறுத்து வெளிச்சம் குறையும், கிட்டத்திலும் தூரத்திலும் துல்லியம் கூடும்; ஐஎஸ்ஓவை ஏற்றினால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம், ஆனால் படத்தில் பொரி கூடும். பிறகு அதே ட்ரைபாடில் சின்னதை மாட்டி எஃப்/4, ஐஎஸ்ஓ 125. மூட்டம் மேலே வர வர இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, முக்கால் மணி நேரத்தில் அறுபது படம் இருக்கும். மூட்டத்தின் ஈரம் லென்ஸில் பொடிப்பொடியாக ஒட்டுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். மனைவி கொண்டுவந்து கொடுத்த காபி ஆறிப்போய்விட்டது.

காலை உணவுக்கு முன்னாலேயே மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். வானமும் மூட்டமும் இரண்டிலும் நன்றாகவே இருக்கின்றன. கீழே இடப்பக்கம் நிழலில் கிடந்த தேயிலைச் சரிவைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். பெரிய கேமராவின் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப்படம்) செடி வரிசைகளுக்கு நடுவே கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்கும் ஒற்றையடி இடைவெளி, ஒரு வரிசை விடாமல் தெரிகிறது. நிறம்கூட அந்த நீலம் கலந்த பச்சையாகவே நிற்கிறது. என் கேமராவின் ஃபைலில் அதே சரிவு மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்தால் வரிசைகள் ஒன்றோடொன்று கரைந்து களிம்பாகிவிடுகின்றன. ஆறு மாதமாக உறுத்தியது இதுதான். வாங்கிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

மதியம் அந்த முடிவு ஆட்டம் கண்டது.

சாப்பிட்ட பிறகு ஒரு தோட்டத்து ஓரமாக நின்றோம். லேசான மேகம். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தேயிலைச் செடி, புதுக் கொழுந்து மின்னுகிறது. பின்னால் சரிவு, அதற்கும் பின்னால் மலை. நிலக்காட்சி எடுக்கும் எவருக்கும் கை பரபரக்கும் இடம். கொழுந்தும் துல்லியமாக வேண்டும், மலையும் துல்லியமாக வேண்டும். ட்ரைபாட் வண்டியில் கிடந்தது. இரண்டு கேமராவையும் கையில் வைத்தே எடுத்தேன்.

சின்ன கேமராவில் 24இல், எஃப்/4 வைத்து ஒன்றே முக்கால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டருக்கும் உள்ளேயிருந்து அடிவானம் வரைக்கும் எல்லாமே துல்லியம். பெரிய கேமராவில் அதே ஆழம் கிடைக்க எஃப்/11க்குப் போக வேண்டும். அங்கே வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. சின்னதில் அறுபதில் ஒரு வினாடி என்றால் பெரியதில் எட்டில் ஒரு வினாடி வேண்டும். கை நடுக்கத்தையாவது லென்ஸ் தாங்கிக்கொள்ளும். கொழுந்து காற்றில் ஆடுகிறதே, அதை யார் தாங்குவது? வேறு வழியில்லாமல் ஐஎஸ்ஓவை 1000க்கு ஏற்றினேன்.

இப்போது இரவு. அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிழலில் இருக்கும் பொரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! சென்சார் ஏழு மடங்கு பெரிது, அதற்குள் விழவிட்ட வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு. பெரிய சென்சார் கொடுத்ததை எஃப்/11 அப்படியே பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஒன்றரைக் கிலோ கழுத்தில் தொங்கியதுதான் மிச்சம்.

காலையில் ஏன் அத்தனை வித்தியாசம் வந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. மாடியில் முன்னால் கிட்டத்தில் ஒன்றுமே இல்லை, அதனால் எஃப்/5.6 போதுமாக இருந்தது. கேமரா ட்ரைபாடில் நின்றது, எத்தனை வினாடி வேண்டுமானாலும் திறந்துவைக்கலாம். பெரிய சென்சார் வாங்கினால் வெளிச்சம் தானாக வந்துவிடாது. அதை நிரப்ப நாம் நேரம் கொடுக்க வேண்டும், நேரம் கொடுக்க அது அசையாமல் நிற்க வேண்டும். ஸ்டுடியோ அண்ணன் ஒரே வரியில் சொன்னது இதைத்தான்.

மூன்றாம் நாள்: எட்டுப் படம், நல்லமுடி, கூழாங்கல் ஆறு

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று தோன்றியது. பெரிய சென்சார் செய்வது ஏழெட்டு மடங்கு வெளிச்சத்தைச் சேர்ப்பது. அதையே சின்ன கேமராவில் எட்டுப் படம் எடுத்துச் சேர்த்தால் என்ன? இது புதுசு ஒன்றும் இல்லை, நட்சத்திரங்களைப் படமெடுக்கிறவர்கள் பல வருடமாகச் செய்வதுதான். ஒவ்வொரு படத்திலும் பொரி வேறு வேறு இடத்தில் விழும். சரிவும் செடியும் அதே இடத்தில் இருக்கும். எட்டையும் அடுக்கிச் சராசரி எடுத்தால் பொரி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், சரிவு மட்டும் மிஞ்சும்.

இன்று காலை அதே மாடி, அதே மூலை. சின்ன கேமராவை மட்டும் ட்ரைபாடில் மாட்டி, பொத்தானை அழுத்தும்போது ஆடாமலிருக்க இரண்டு வினாடி டைமர் வைத்து, எஃப்/4இல் ஒரு வினாடி வீதம் எட்டுப் படம். இப்படி ஆறேழு தடவை. அப்புறம் பெரியதை மாட்டி ஒப்பிட்டுப் பார்க்க நான்கைந்து படம்.

அடுக்கி முடித்துச் சரிவை வெளிச்சமாக்கியபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேயிலை வரிசைகள் பிரிந்து நிற்கின்றன! நேற்று களிம்பாகக் கிடந்த அதே இடம். "இது எதுங்க, பெருசா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவரே மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. கீழ் மூலைகளில் இலைகள் வெளிப்பக்கமாக இழுபட்டதுபோல் இருக்கின்றன. அது லென்ஸின் வேலை, எத்தனை படம் அடுக்கினாலும் போகாது. பத்து மடங்குக்கும் மேல் ஜூமை இத்தனை சின்னக் குழாய்க்குள் மடக்கி வைத்ததற்கு நாம் கொடுக்கும் விலை. மூட்டம் ஓடினால் அடுக்கும்போது பஞ்சுபோல் இழுபடும் என்றும் பயந்தேன். இழுபட்டது, ஆனால் அழகாகவே இருந்தது. பெரிய கேமராவை எஃப்/11இல் எட்டு வினாடி திறந்து வைத்திருந்தாலும் இதே பஞ்சுதான் வந்திருக்கும்.

பத்து மணிக்கு நல்லமுடி. தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்துகொண்டே போகிறோம், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. எதிரே பெரும்பள்ளம், அந்தப் பக்கம் கேரளத்து மலைகள். தெற்கில் இதைவிட உயரம் இல்லை என்னும் ஆனைமுடி, 2,695 மீட்டர், அந்த வரிசையில்தான் இருக்கிறது. நாங்கள் போய் நின்றபோது ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து மூட்டத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. முழு மலையும் இல்லை, நடுவில் ஒரு பாறை முகம், அதன் இடுக்கில் வெள்ளை நூல்போல் ஒரு ஓடை. மனைவி கையில் சின்ன கேமரா இருந்தது, 360 வரை இழுத்து எடுத்துக்கொண்டே இருந்தார். என்னிடம் 120. பாறை என் படத்தின் நடுவில் ஒரு தபால்தலை அளவுக்கு நின்றது. கிழிசல் இரண்டு நிமிடம் இருந்திருக்கும், மூடிக்கொண்டது.

பெரிய சென்சாரில் அந்தப் படம் வேண்டுமென்றால் இன்னொரு லென்ஸ் வேண்டும். அதற்கு இன்னொரு விலை, இன்னொரு முக்கால் கிலோவாவது. நிலக்காட்சி என்றாலே அகலமாக எடுப்பது என்று நினைத்திருந்தேன். இந்த மூன்று நாளில் எனக்குப் பிடித்த படங்களில் பாதி 200க்கு மேலே எடுத்தவை. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று நீலம் வெளிறிக்கொண்டே போகும் அடுக்குகள் தூர லென்ஸில்தான் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வந்து நிற்கின்றன.

மாலையில் கூழாங்கல் ஆறு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குழந்தைகள், ஈரத்துணி, நனைந்த நாய் ஒன்று. கொஞ்சம் மேலே தள்ளிப்போய் நிழலான இடம் பிடித்தோம். தண்ணீரைப் பட்டுபோல் எடுக்க வினாடிக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். பெரிய லென்ஸின் முகத்தில் மரை இருக்கிறது, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டரைத் திருகி மாட்டினால் வேலை முடிந்தது. என் கேமராவில் மரையே கிடையாது. எஃப்/8 வரை குறுக்கியும் எட்டில் ஒரு வினாடிதான் கிடைத்தது. அதற்குள் இரண்டு தொல்லை சேர்ந்துகொண்டன. இத்தனை சின்னச் சென்சாரில் எஃப்/8 என்பது ஃபுல் ஃப்ரேமில் எஃப்/22 வைப்பதுபோல, ஒளி அந்தச் சின்னத் துளையில் சிதறிப் படம் முழுக்க மழுங்குகிறது. அதோடு மேலே வானத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். நீண்டு சுருங்கும் ஜூம் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கிறது, தூசியும் கூடவே போய்ச் சென்சாரில் உட்கார்ந்துவிடுகிறது. லென்ஸ் கழற்றும் கேமரா என்றால் ஊதித் தட்டிவிடலாம். இதைப் பிரிக்காமல் துடைக்க முடியாது.

ஆற்றில் பெரிய கேமராவுக்குத்தான் என் ஓட்டு, சந்தேகமே இல்லை.

நான்காம் நாள்: பன்னிரண்டுக்குப் பதினெட்டு

மழைத் தூறலோடு இறங்கினோம். ஒன்பதாவது வளைவுப் பக்கம் நாலு வரையாடுகள் சாலையோரச் சுவரில் ஏறி நின்றன. ஒரு படமும் எடுக்கவில்லை, வண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பொள்ளாச்சிக்கு வந்ததும் நேரே ஸ்டுடியோ. திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. மாடி விடியல் படங்களில் மூன்றைக் கொடுத்து, கல்யாண ஆல்பத்துக்குப் போடும் 12க்கு 18 அங்குல மேட் தாளில் பிரின்ட் போடச் சொன்னேன். பெரிய கேமராவின் படம் ஒன்று. சின்னதின் ஒற்றைப் படம் ஒன்று. சின்னதில் எட்டை அடுக்கியது ஒன்று. எது எது என்று சொல்லவில்லை.

அண்ணன் மூன்றையும் மேசை விளக்குக்குக் கீழே பரப்பினார். கை நீட்டும் தூரத்தில் நின்று முதலில் பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார். ஒற்றைப் படத்தை உடனே தள்ளி வைத்துவிட்டார். "இதுல காடு மங்கிக் கெடக்குது." மற்ற இரண்டையும் இப்படியும் அப்படியும் மாற்றி வைத்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். கடைசியில் ஒரு படத்தின் கீழ் இடது மூலையில் விரலை வைத்தார்.

"இந்த மூலைல இலை இழுத்துருக்குது. இது உங்களோடது."

"சரிங்கண்ணா. மூலைய மறைச்சுட்டுப் பாத்தா?"

ஒரு தாளை எடுத்து மூலையை மறைத்துப் பார்த்தார். "சொல்ல முடியாதுங் தம்பி."

அவர் தொழிலுக்கு அந்தப் பெரிய சென்சார் வேண்டும். மண்டபத்து வெளிச்சத்தில் ஆட்கள் அசைந்துகொண்டே இருப்பார்கள், எட்டுப் படம் அடுக்க யாரும் நிற்கமாட்டார்கள், பின்னணி மங்கலாகவும் வேண்டும். ஆறு, அருவி என்று அலைகிறவர்களுக்கும், சுவர் அளவுக்குப் படம் போடுகிறவர்களுக்கும் அது வேண்டும். எனக்கு இப்போதைக்கு வேண்டாம். நான் எடுப்பதில் முக்கால்வாசி கையில் பிடித்து, முன்னால் ஒரு செடியோ பாறையோ வைத்து எடுப்பது. மீதிக் கால்வாசிக்குத் தேவைப்பட்டது மூன்று கால்கள்தான். ஆறு வருடமாக ட்ரைபாட் ஒன்று வாங்கவில்லை நான். கேமரா சின்னதாக இருப்பதால் அது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். சின்ன சென்சாருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை.

பையைப் பிரித்து அவருடைய கேமராவை, லென்ஸை, ஃபில்டரை ஒவ்வொன்றாகத் துடைத்து மேசையில் வைத்தேன். ட்ரைபாடைக் கடைசியாக வைத்தேன். இதே மாதிரி, இதைவிட எடை குறைவாக, ஒரு கிலோவுக்குள் கிடைக்குமா என்று கேட்டேன். என் கேமரா 350 கிராம்கூட இல்லை, அதற்கு இது போதும் என்று உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கால்களை விரித்து, நடுவில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஆடவில்லை. அதையே வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது மனைவி நல்லமுடியில் தான் எடுத்த பாறை முகத்தையும் அதே அளவில் ஒரு பிரின்ட் போடச் சொன்னார். கூடத்துச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு ஆணி சும்மா இருக்கிறதாம்.